பதினோராவது கூறு

இருளர் குடியிருப்பு, ஏரிக்கரை,
காவாந்தண்டலம்.
ஆடி 14, புதன்கிழமை.

என் கண்ணு அபிநயாவுக்கு, அம்மா சின்னபொண்ணு ஆசையோடு எழுதுவது. நீ புனேயில் உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று கன்னியம்மாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். இங்கே எல்லோரும் சுகம் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். ஹாஸ்டலில் எட்டாவது படிக்கும்போது டீச்சர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கு மறக்கவில்லை, ஆனால் கை வரமாட்டேன் என்கிறது. நான் சுகம். அதை மட்டும் எழுதிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். ஒரே அறை வீட்டில் இப்போதெல்லாம் போனை எடுத்தால் உன் நைனா பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு ஸ்பீக்கர் போடச் சொல்கிறார், நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் கண்ணாலேயே அதட்டுகிறார், உனக்கு ஒன்றும் தெரியக் கூடாதாம், தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ரயில் ஏறிவிடுவாயாம். அதனால் அவர் மத்தியானம் கண் அசந்த நேரம் பார்த்து தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பேனா பிடித்து வருஷக்கணக்காகிறது, நூறு நாள் வேலையில் கையெழுத்துப் போடுவதோடு சரி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு கேள்வி கேட்டாய். உன் ரூமில் இருக்கிற கேரளாப் பெண், எல்லாம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால்தான் ஜனங்கள் சந்தோஷமாக இருப்பார்கள், அதற்குப் பெயர் சோசலிசம் என்கிறாளாம். நீ, இல்லை, அவரவர் உழைத்துச் சம்பாதித்தது அவரவருக்கு என்று இருந்தால்தான் சந்தோஷம், அதற்குப் பெயர் கேப்பிடலிசம் என்கிறாயாம். இந்தச் சண்டையில் துணி காயப்போடுகிற கயிற்றைக்கூட இரண்டாக அறுத்துக் கட்டிக்கொண்டீர்களாம். அம்மா ரெண்டையும் பார்த்தவங்க, அவங்களே சொல்லட்டும் என்று என் தலையில் கட்டினாய். நான் இன்னாடி இது பேஜார் புடிச்ச கேள்வி என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வைத்ததிலிருந்து எனக்கு அதே ஞாபகம்தான். களை எடுக்கப் போனால் அங்கேயும் அதுதான், கஞ்சி காய்ச்சினாலும் அதுதான். நீ விளையாட்டாகக் கேட்டாய். ஆனால் நீ சொன்ன அந்த இரண்டும் நம் வீட்டுக்குள் வந்துவிட்டுப் போனது கண்ணு, நீ வாங்கிக்கொடுத்த பிரிட்ஜ் வழியாகத்தான் வந்தது. என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுதுகிறேன், எது மேல் என்று நீயே பார்த்துக்கொள், எனக்கு அந்த அளவுக்குப் புத்தி இல்லை.

உன் நைனாவுக்கு இன்சுலின் ஊசி எழுதிக்கொடுத்தபோது, மருந்துப் பாட்டிலைக் குளிர்ச்சியில் வைக்கணும் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார்கள். பானையில் ஈர மணல் போட்டு அதற்குள் புதைத்து வைத்திருந்தேன். அதைக் கேட்டுவிட்டு நீ முதல் சம்பளத்தில் உத்திரமேரூர் கடையில் சொல்லி பிரிட்ஜ் அனுப்பி வைத்தாய். பங்குனி மாதம் அது டாடா ஏஸில் வந்து இறங்கியபோது பதினோரு வீட்டு ஜனமும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, கரண்ட் கொடுத்தோம். அன்றைக்குச் சாயங்காலமே மார்த்தாள் அத்தை மாவுக் குண்டானோடு வந்தாள். மறுநாள் ஒருவர் நண்டு கொண்டுவந்தார். ஒருத்தி கட்டின பூவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் எல்லாம் ஐஸ் தண்ணிக்கு வரிசை. நான் ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று நீ அன்றைக்குக் கத்தினாயே, எப்படிச் சொல்வேன். நம் ஜனத்தில் பொருள் வந்தால் அது ஒரு வீட்டுக்கென்று என்றைக்கு இருந்தது. எலி வளை வெட்டி நெல் எடுத்தாலும், குத்தகைக்காரன் வலை போட்டு முடித்த பிறகு ஏரியில் மிச்ச மீன் பிடித்தாலும், தார்ப்பாயில் பதினோரு கூறு. முனிரத்தினம் மாமா முதுகைத் திருப்பி நின்றுகொள்வார், ஒருத்தர் ஒரு கூறைத் தொட்டு இது யாருக்கு என்பார், மாமா பார்க்காமலே ஒரு பெயர் சொல்வார். பெரிய மீன் இன்னாருக்கு, சின்ன மீன் இன்னாருக்கு என்ற பேச்சே கிடையாது. வேலைக்கு வராத வீட்டுக்கும் கூறு உண்டு. உன் நைனா மஞ்சள் காமாலையில் படுத்துக்கிடந்த இரண்டு மாசமும் வேதகிரி என்று அவர் பெயரைக் கூப்பிட்டுத்தான் கொடுத்தார்கள், அதில்தான் நீயும் நானும் தின்றோம். அப்படித் தின்ற வாயால் என் பிரிட்ஜைத் தொடாதே என்று சொல்ல முடியுமா. இன்னொன்றும் சொல்கிறேன், மறைப்பானேன். எனக்கு அது பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் எப்போது பார்த்தாலும் வீட்டு வாசலில் ஆள். மார்த்தாள் அத்தை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காற்று வாங்குவாள், ஏசி ரூம்ல கீறேண்டி என்பாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. உன் கேரளாப் பெண்ணிடம் இதைத் தாராளமாகச் சொல்.

அதற்காகக் கூறு போட்டுத் தின்பதெல்லாம் தேன் என்று நினைக்காதே, அது உனக்கே தெரியும். நாளைக்கு என்று ஒரு பிடி எடுத்து வைக்க முடியாது, வைத்தால் திருடி மாதிரி இருக்கும். இரண்டு புடவை இருந்தால் ஒன்று யாருக்காவது போய்விடும். நீ பெருநகர் ஊருக்கு பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போன நாலு வருஷமும் உன் நோட்டுக்கும் பஸ்ஸுக்கும் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டதே இல்லை. மானாம்பதி ரெட்டியார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் நான் ஆறு கோழி விட்டிருந்தேன். நம் குடியிருப்பில் விட்டால் முட்டை பதினோரு வீட்டுக்கும் போகும், ஒரு பண்டிகை வந்தால் கோழியும் போகும். அதனால் யாருக்கும் சொல்லவில்லை, உன் நைனாவுக்கும் சொல்லவில்லை. களை எடுக்கிற சாக்கில் போய் முட்டையை எடுத்து அங்கேயே விற்றுவிட்டு வருவேன். நாலு வருஷம் கோழி வைத்திருப்பவள் மாதிரியே இல்லாமல் எல்லோரோடும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் மறைக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நீயும் செங்கல் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருப்பாய். ஆக, உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதையும் அந்தப் பெண்ணிடம் சொல்.

சித்திரை அறுப்பு முடிந்து நிலத்தில் எலி வளை வெட்டும்போது உன் நைனாவுக்கு அறுத்த நெல் தாள் காலில் குத்தியது. அவர் காலில் குத்தாத தாளா, சாணி வைத்துத் துடைத்துவிட்டு வந்துவிட்டார். புண் ஆறவில்லை. ஊசிதான் காலையும் ராத்திரியும் போடுகிறோமே, ஆறிவிடும் என்று இருந்தோம். ஆறாமல் கறுத்துக்கொண்டே போனது. பட்ட காலிலேயே படும் என்பது சும்மா இல்லை, அதே காலில் நண்டும் கடித்தது. ஆனி பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனால் சர்க்கரை நானூற்று எண்பது. ஊசி போடுறீங்களா இல்லையா என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். மருந்து எங்கே வைக்கிறீர்கள், கதவை எத்தனை தடவை திறக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, மருந்து கெட்டுப்போயிருக்கிறது, அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்லிப் புது பாட்டில் கொடுத்தார்கள். அதை நான் உன்னிடம் சொன்னேன். நீ அழுதாய். பூட்டும்மா, சாவி குடுத்துகீறாங்க இல்ல, பூட்டி சாவிய உன் தாலிக் கவுத்துல கட்டிக்கோ, இல்லன்னா நான் இனிமே போனே பண்ணமாட்டேன் என்றாய். பூட்டினேன். நீ சொன்னது தப்பு என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம். மார்த்தாள் அத்தை குண்டானை எடுத்துக்கொண்டு, அண்ணன் மருந்துக்கு வாங்கினது தானே அண்ணி, நாங்கதான் வெவஸ்தை இல்லாம வந்துக்கினு இருந்தோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான். வாசலுக்கு ஆள் வருவது நின்றது. அந்த ஐஸ் பெட்டி விளையாட்டெல்லாம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது, மார்த்தாள் அத்தை மீன் கடையிலிருந்து தெர்மாக்கோல் பெட்டி ஒன்று வாங்கிவந்து வைத்திருக்கிறாள், இப்போது எல்லோரும் அங்கேதான். ஆனால் கூறு மட்டும் நிற்கவில்லை, அதுதான் என்னைக் கொல்கிறது. மீன் பிடித்தால் நம் பங்கு வந்துவிடுகிறது. முன்பெல்லாம் கொண்டுவந்து கொடுக்கிறவர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுப் போவார். இப்போது வாசலில் வைத்துவிட்டு, வச்சிகீறேன் அண்ணி என்று குரல் மட்டும் கேட்கும். நான் அதை எடுத்து அந்தப் பூட்டின பிரிட்ஜுக்குள்ளேயே வைக்கிறேன், என்ன மானங்கெட்ட பிழைப்பு பார். பதினைந்து நாள் கழித்து நானே மனசு கேட்காமல் பூட்டைத் திறந்துவிட்டு, மருந்தை மேலே ஒரு டப்பாவில் தனியாக வைத்துவிட்டு, ஒவ்வொரு வீடாகப் போய், வந்து வைங்க, தாராளமா வைங்க என்று கூப்பிட்டேன். பரவால்ல அண்ணி, எங்களுக்கு இன்னாத்துக்கு என்று மரியாதையாகச் சொன்னார்கள். அந்த மரியாதையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது. திறந்து கிடக்கிறது, ஒரு சொம்புத் தண்ணீர் வைக்கக்கூட ஆள் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புது மருந்தில் சர்க்கரை இறங்கிவிட்டது, ஆனால் கால் தாங்கவில்லை. போன வெள்ளிக்கிழமை செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனோம். வலது காலில் கட்டை விரலும் பக்கத்து விரலும் எடுக்க வேண்டும், வருகிற திங்கட்கிழமை வந்து படுத்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் கணுக்கால் வரை எடுக்கிறாற்போல் ஆகிவிடும், அதற்கு மேலும் போனால் உயிருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். உன் நைனா வரமாட்டேன் என்கிறார். விரல் இல்லாமல் சேற்றில் கால் ஊன்ற முடியாதாம், வளை வெட்ட முடியாதாம், வேல செய்யாம கூறு வாங்கித் துன்னுகினு வூட்ல குந்திக்கினு இருக்கணுமா நானு என்கிறார். நான் சொன்னேன், பனையிலிருந்து விழுந்து இடுப்பு போன அருள்தாஸ் ஆறு வருஷமாகக் குந்திக்கொண்டுதானே கூறு வாங்குகிறார், எவனாவது ஒரு சொல் சொல்லியிருப்பானா என்றேன். அதற்கு அவர் மெதுவாக, அருள்தாஸ் வூட்ல பூட்டு இல்லடி என்றார். மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது கை நீட்டி வாங்கின அதே மனுஷன்தான், அன்றைக்கு அது அவர் பங்கு. பூட்டுப் போட்ட பிறகு அது அவருக்குப் பிச்சையாகத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை, நீ சிரித்துக்கொண்டு கேள்வி கேட்டாயே அதே நாள்தான், காலையில் ஏரியில் மீன் பிடித்துக் கரையில் இறக்கினார்கள். உன் நைனா கம்பு ஊன்றிக்கொண்டு கரைக்கே போய், மாமா, இனிமே என் பேர கூப்டாதீங்க என்று சொல்லிவிட்டார். முனிரத்தினம் மாமா முதுகைத் திருப்பிக்கொண்டு பத்துப் பெயர் சொன்னார். பதினோராவது கூறைத் தொட்டு இது யாருக்கு என்று கேட்டார்கள், அவர் வாயைத் திறக்கவில்லை. திரும்பவும் கேட்டார்கள், சொல்லவில்லை. கூப்பிட்டால் இவருக்கு மானக்கேடு, கூப்பிடாவிட்டால் நம் ஜனத்துக்கே மானக்கேடு, அந்த மனுஷன் என்ன செய்வார். அந்தக் கூறு அப்படியே தார்ப்பாயில் கிடந்தது, இரண்டு விரால், நாலு கெண்டை, ஒரு கை கொரவை. யாரும் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டார்கள். நான் எடுக்கலாம் என்றால் இவர் நிற்கிறார். சாயங்காலம் போய்ப் பார்த்தேன், யாரோ ஈரச் சாக்கு நனைத்துப் போட்டு மூடி வைத்திருந்தார்கள், ராத்திரிக்குள் மனசு மாறி எடுத்துப்போவார் என்று. திங்கட்கிழமை நாற்றம் எடுத்துவிட்டது, திரும்ப ஏரியிலேயே கொட்டிவிட்டார்கள். நம் குடியிருப்பில் தின்கிற பொருளைக் கொட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான். உன் நைனா அதிலிருந்து கஞ்சியைத் தவிர ஒன்றும் குடிப்பதில்லை.

நான் யாரிடம் போய்ச் சொல்வது. ஆஸ்பத்திரிக்குப் போ என்று மாமாவை விட்டுச் சொல்லச் சொன்னால், நான் சொன்னா கூறு வாங்க வைக்கத்தான் வந்துகீறேன்னு நெனைப்பான் சின்னபொண்ணு என்கிறார். மார்த்தாள் அத்தையோ முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் நைனாவுக்கு இருக்கிறது, டாக்டர் சொன்னதிலிருந்து அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டதால்தான் மருந்து கெட்டது, என் காலை அவள்தான் தின்றாள் என்று மனசுக்குள் வைத்திருக்கிறார். அது அவள் காதுக்கும் போய்விட்டது. அவள் அழுததாகக் கேள்விப்பட்டேன்.

அபி, இதற்குமேல் எழுதுவதை அந்தப் பெண்ணிடம் படித்துக்காட்டாதே, யாரிடமும் காட்டாதே. மருந்து கதவு திறந்ததால் கெடவில்லை. வைகாசியில் அக்கினி வெயிலுக்குப் பிள்ளைகள் ஐஸ் ஐஸ் என்று பிடுங்கின, சீக்கிரம் உறையட்டும் என்று நான்தான் உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகாணியைக் கடைசி வரைக்கும் திருப்பி வைத்தேன். மறுநாள் காலையில் ஊசி போட எடுத்தால் பாட்டில் கல் மாதிரி உறைந்திருந்தது. குளிர்ச்சிதானே மருந்துக்கு நல்லது என்றார்கள், அதிகக் குளிர்ச்சி இன்னும் நல்லதுதானே என்று நினைத்தேன். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, வாயால் ஊதி, கரைய வைத்துப் போட்டேன். ஒரு நாள் இல்லை, இருபது நாள். இருபது நாளும் அது உறைந்துகொண்டே இருந்தது, நான் கரைத்துக்கொண்டே இருந்தேன், அதில் வெள்ளையாகத் தூள் தூளாக மிதந்ததைப் பார்த்துவிட்டு மருந்து கெட்டியாகிவிட்டது, நன்றாக வேலை செய்யும் என்றுகூட உன் நைனாவிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் சிஸ்டர், பாட்டில் எப்பவாவது உறைஞ்சுதா, உறைஞ்சா அது வெறும் தண்ணிக்குச் சமம் என்று கேட்டார்கள். இல்லைங்க சிஸ்டர் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பயம்தான், வேறு என்ன. நான் ஆமாம் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் பூட்டுக்கே வேலை இருந்திருக்காது. உன் நைனா தினமும் காலையில் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு படுக்கிறார், எங்கேயோ பார்த்துக்கொண்டு, போடுடி என்கிறார். நான் மருந்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுப் போடுகிறேன். இதைச் சொன்னால் மார்த்தாள் அத்தை மேல் இருக்கிற வன்மம் போகும், பூட்டு வந்தது என் பொய்யால்தான் என்று தெரிந்து குடியிருப்புக்கு முன்னால் அவர் தலை நிமிரும், ஒருவேளை திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கும் வருவார். இல்லை, என் கையால் இனி ஊசியே போட்டுக்கொள்ளாமல் செத்தும் போவார். இரண்டில் எது என்று இருபத்தாறு வருஷம் அவரோடு குடித்தனம் பண்ணின எனக்குத் தெரியவில்லை. சொல்லலாம் என்று கிட்டே போகிறேன், அவர் திரும்பிப் பார்த்தால் தண்ணீர் வேணுமா என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

நீ லீவு கேட்டு வரவேண்டாம், ஆறு மாதம் ஆகாமல் லீவு போட்டால் வேலை போய்விடும் என்று சொன்னாய், எனக்கு ஞாபகம் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, உனக்குத் தொண்டை கட்டும். தலைக்கு எண்ணெய் வை. கயிற்றை முடிச்சுப் போட்டு ஒன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள், ஒரே ரூமில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கிற கஷ்டம் எனக்கு இப்போது தெரியும். நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், உன் வயிற்றில் பிறக்கிறது ஒளித்து வைத்த காசில் போகாமல் நேராகப் பள்ளிக்கூடம் போகணும், கன்னியம்மா அதைப் பார்த்துக்கொள்வாள்.

இதை ஸ்பீட் போஸ்ட்டில் போடச் சொல்கிறேன், சனிக்கிழமைக்குள் உனக்கு வந்துவிடும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போன் பண்ணு, அவர் பக்கத்தில்தான் இருப்பார், காலைப் பற்றி ஒன்றும் கேட்காதே. நான் அவரிடம் உண்மையைச் சொல்லலாம் என்றால் சாப்ட்டியாமா என்று என்னைக் கேள், வேண்டாம் என்றால் அவரைக் கேள். நீ எதைச் சொன்னாலும் செய்கிறேன் கண்ணு. போன தடவையும் நீ சொன்னதைத்தான் செய்தேன்.

இப்படிக்கு,
ஒன்றும் தெரியாத உன் அம்மா,
வே. சின்னபொண்ணு.